சாதனைக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா? மஸ்கெலியாவிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

மஸ்கெலியாவைச் சேர்ந்த ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் கொழும்பில் வேலை செய்கிறார். தம்பி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். வருகிற ஓகஸ்டில், 24 மணி நேரத்துக்குள் சிவனொளிபாதமலைக்கு எத்தனை தடவை முடியுமோ அத்தனை தடவை ஏறி இறங்கி, அதைப் போனில் நேரலையாகக் காட்டி, ஒரு சாதனை படைக்கப் போகிறானாம். அதுவும் தனியாக. "குமார் ஆனந்தன் உயிரைக் கொடுத்ததாலதானே இன்னைக்கும் பேர் நிக்குது" என்று வீட்டில் வாய்ச்சண்டை வேறு. இப்படியான சாதனைக்கு உயிரைப் பணயம் வைப்பது தகுமா, தம்பிக்கு என்ன சொல்வது என்று கேட்கிறார்.

ஒரே சொல்லில் கேட்டால், தகாது. ஆனால் இருபது வயதுப் பையனிடம் போய் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அடுத்த நாளே சப்பாத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். நான் உடற்கல்வி படிப்பித்தவன், பிறகு தோட்டங்களில் முதலுதவி வகுப்பு எடுத்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பையன்களோடு வாதம் செய்வதென்றால் அவர்கள் பிடித்த நுனியிலிருந்தே தொடங்க வேண்டும். ஆகவே முதலில் குமார் ஆனந்தன்.

வல்வெட்டித்துறைக்காரரான அவர் 1971-ல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய், மறுபடி தலைமன்னாருக்கே நீந்தி வந்தார். மொத்தம் 51 மணி நேரம். ஆழிக்குமரன் என்று நாடே கொண்டாடியது. ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் போய் அவர் இறந்தது 1984 ஓகஸ்ட் 6-ல். இரண்டு வருஷங்களுக்கும் நடுவில் 13 வருஷ இடைவெளி. பேரைச் சம்பாதித்தது உயிரோடு திரும்பி வந்த நீச்சலில்தான். 1984-ல் அவர் கால்வாய்க்கே போகாமல் இருந்திருந்தாலும் அந்தப் பேர் அப்படியே இருந்திருக்கும், நமக்கு ஆளும் மிஞ்சியிருப்பார். 2021-ல் விமானப்படையின் ரொஷான் அபேசுந்தர அதே பாக்கு நீரிணையைப் போக வர 28 மணி நேரத்துச் சொச்சத்தில் நீந்தி ஆனந்தனின் நேரத்தை முறியடித்தார். அதற்காக ஆனந்தனை யாரும் மறந்துவிடவில்லை.

இன்னொன்றையும் தம்பி கவனிக்க வேண்டும். ஆனந்தனின் மற்ற கின்னஸ் சாதனைகளைப் பாருங்கள்: ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றது, 80 மணி நேரம் தண்ணீரில் மிதந்தபடி காலடித்தது, 128 மணி நேரம் ட்விஸ்ட் ஆடியது. எல்லாமே உடம்பைப் பிழிந்தெடுக்கிற வேலைதான். ஆனால் முடியவில்லை என்றால் மற்றக் காலைத் தரையில் ஊன்றலாம், நீச்சல் குளத்தின் விளிம்பைப் பிடிக்கலாம், ஆட்டத்தை நிறுத்திவிட்டு உட்காரலாம். சாதனை போகும், உயிர் இருக்கும். ஆங்கிலக் கால்வாய் அப்படிப்பட்ட இடமில்லை. ஒடுங்கிய இடத்தில் கிட்டத்தட்ட 33 கிலோமீட்டர்தான், ஆனால் கோடையிலேயே தண்ணீர் 15 முதல் 18 பாகை. நுவரெலியாவில் விடியக்காலையில் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவியவர்களுக்கு அது என்னவென்று விளங்கும். அதற்குள் பத்துப் பதினைந்து மணி நேரம் கிடக்க வேண்டும். குளிர் உடம்புக்குள் இறங்க இறங்க விரல்கள் விறைக்கும், கைவீச்சு சுருங்கும், நாக்கு குழறும். அதோடு சேர்ந்து புத்தியும் மழுங்குவதுதான் பொல்லாத விஷயம். ஆள் நடுங்கிக்கொண்டே "எனக்கு ஒன்றுமில்லை, போகலாம்" என்பார். அதனால்தான் கால்வாய் நீச்சலில் கூடவே படகு வர வேண்டும், நீந்துகிறவரை வெளியே எடுக்கிற முடிவு படகில் இருப்பவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இத்தனை காவல் போட்ட பிறகும் சிலரை அந்தக் கடல் கொண்டுபோயிருக்கிறது.

ஆக, ஒரு சாதனை முயற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டால் நான் இரண்டு விஷயம்தான் பார்ப்பேன். நடுவழியில் நிறுத்த இடம் உண்டா? நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம்? ஆபத்து எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கணக்கு.

இதே ஆங்கிலக் கால்வாயை எந்த உதவிக் கருவியும் இல்லாமல் முதன்முதலில் நீந்திக் கடந்த மத்தியூ வெப் என்பவரின் கதை இதற்குச் சரியான சாட்சி. 1875-ல் 21 மணி 45 நிமிடம் நீந்தினார், பக்கத்திலேயே படகுகள் வந்தன. எட்டு வருஷம் கழித்து, கையில் பணம் வற்றிப்போன காலத்தில், நயாகரா நீர்வீழ்ச்சிக்குக் கீழே உள்ள சுழல் வெள்ளத்தை நீந்திக் காட்டுகிறேன் என்று இறங்கினார். அந்த வெள்ளத்தில் எந்தப் படகும் பின்னால் போக முடியாது, நடுவில் கையைத் தூக்கினால் எடுத்துவிடவும் யாரும் இல்லை. இறங்கிய சில நிமிடங்களில் ஆள் போய்விட்டார். நீச்சல் தெரியாமலா? உலகத்திலேயே பெரிய நீச்சல்காரர் அவர்.

எவரெஸ்ட் கதை நம் நாட்டுக்காரர்களிடமே இருக்கிறது. 2016 மே 21-ல் ஜயந்தி குரு உதும்பால உச்சியை அடைந்தார், இலங்கையரில் முதல் ஆள். கூடப் போன யொஹான் பீரிஸ் உச்சிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் இருக்கும்போது ஒட்சிசன் சிக்கலால் திரும்பி இறங்கினார். அந்த 400 மீட்டரைச் சும்மா நினைக்காதீர்கள். 8,000 மீட்டருக்கு மேலே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். வருஷக்கணக்கான பயிற்சி, பாடுபட்டுத் திரட்டிய காசு, நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது, கண்ணுக்கு முன்னால் உச்சி. அங்கே நின்று "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு திராணி வேண்டும்! 2018 மே மாதம் அவர் மறுபடி போய் ஏறினார். அந்த இரண்டாவது வாய்ப்பு முதல் தடவை இறங்கியதால் கிடைத்தது. 1996 மே 10-ல் அதே மலையில், பிற்பகல் இரண்டு மணி ஆனால் எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும் என்ற பழைய நடைமுறையை மீறிப் பலர் ஏறிக்கொண்டே இருந்தார்கள். மாலையில் புயல் பிடித்தது, எட்டுப் பேர் இறந்தார்கள்.

எவரெஸ்டைப் பற்றிப் பேசினால், ஏறுகிறவர்களுக்குச் சுமை தூக்கி வழிகாட்டும் ஷெர்பாக்களை விட்டுவிட முடியாது. மலையகத்தில் பிறந்த எனக்கு முதலில் கண்ணில் படுவதும் அவர்கள்தான். 1922-ல் வெள்ளைக்காரர்களின் உச்சி முயற்சியின்போது பனிச்சரிவில் இறந்த ஏழு பேரும் சுமை தூக்கப் போனவர்கள். 2014 ஏப்ரலில் கும்பு பனிப்பாளத்தில் இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள், மற்றவர்கள் ஏறுவதற்குப் பாதை போடவும் சாமான் கொண்டுபோகவும் போனவர்கள். (எவரெஸ்ட் உச்சியில் முதலில் கால் வைத்த இருவரில் ஒருவரான டென்சிங் நோர்கே கூட சுமைகாரராகத்தான் தொடங்கினார். அவர் குடியிருந்த டார்ஜிலிங்கும் தேயிலை மலைதான்.) சாதனைப் புத்தகத்தில் ஒருவர் பேர் வரும், அதற்காகத் தோள் கொடுத்தவர்களின் பேர் வராது. இதை மலையகத்தானுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் தம்பி மலையில் விழுந்தால் யார் போவார்கள் என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். மலையடிவாரத்து நல்லதண்ணி ஊர்ப் பையன்கள் நாலைந்து பேர்தான் இருட்டில், மழையில், வழுக்குகிற படியில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டி வரும். 1990-க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், ஆனால் மலையடிவாரம் வரைக்கும்தான்.

அடுத்து நேரலை. எனக்கு மலையைவிட இதுதான் பயம்.

1996-ல் அமெரிக்காவில் ஜெசிக்கா டுப்ரோஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி, விமானம் ஓட்டி நாட்டைக் குறுக்கே கடக்கும் மிக இளையவர் என்ற பேருக்காகக் கிளம்பினாள். பக்கத்தில் பயிற்றுநர், பின்னால் அப்பா. முன்கூட்டியே எல்லா இடத்திலும் தொலைக்காட்சிக்காரர்களுக்கு நேரம் கொடுத்தாயிற்று. ஏப்ரல் 11 காலை ஷையென் என்ற ஊரில் இடி மழை. அந்த ஊர் விமான நிலையம் கிட்டத்தட்ட நம் நுவரெலியாவின் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று மெல்லியது. இயந்திரத்துக்கும் வலு குறையும், இறக்கைக்கும் தூக்கு விசை குறையும். விமானத்திலோ பாரம் அளவுக்கு மேல். மழை விடும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து மூன்று பேரும் இறந்தார்கள். விசாரணை செய்தவர்கள், ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் அவசரமும் ஒரு காரணம் என்று அறிக்கையில் எழுதி வைத்தார்கள். இதில் வயிறு எரிகிற விஷயம், அந்த "மிக இளைய விமானி" என்ற பிரிவையே கின்னஸ் அதற்கு முன்பே நீக்கிவிட்டிருந்தது. பதிவு செய்ய ஆளில்லாத சாதனைக்கு ஒரு குழந்தை.

கமரா எதைச் செய்கிறது என்றால், "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லும் வாயை அடைத்துவிடுகிறது. பதுளைக் கோச்சியில் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சரிந்து நிற்கிற வெளிநாட்டுக்காரர்களைப் பார்க்கிறோமே, பாறைச் சுவரும் சுரங்கமும் பக்கத்தில் வருவது அவர்களுக்குத் தெரியாமலில்லை. படம் எடுக்கிற ஆள் இன்னும் "ஓகே" சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மவுசாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்கள் பக்கம் பையன்கள் தண்ணீருக்கடியில் மூச்சடக்கிப் போட்டி போடுவார்கள். கேட்டால் விளையாட்டு என்பார்கள். இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது மற்றவற்றைப் போல எச்சரிக்கை தராது. முக்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விட்டால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும். மூச்சு எடு என்று மூளையை உந்துவது அந்த வாயு கூடுவதுதான், ஒட்சிசன் குறைவதல்ல. ஆகவே மூச்சு முட்டுகிற உணர்வே வராமல் ஒட்சிசன் தீர்ந்து ஆள் அப்படியே மயங்கிவிடுவான். மேலே நிற்பவனுக்கு அவன் இன்னும் போட்டியில் இருப்பதாகத்தான் தெரியும். மூச்சடக்கி ஆழம் போவதில் 41 உலக சாதனைகள் வைத்திருந்த ரஷ்யப் பெண் நத்தாலியா மொல்ச்சனோவா 2015 ஓகஸ்ட் 2-ல் ஸ்பெயின் பக்கக் கடலில் காணாமல் போனார். காவலுக்கு முக்குளிப்பவர்கள் சுற்றி நிற்கும் போட்டியிலே அல்ல, அவருக்குச் சாதாரணமான ஆழத்தில், போட்டியே இல்லாத ஒரு நாளில். பிறகு அவர் கிடைக்கவே இல்லை.

சரி, தங்கச்சி எழுதியதில் ஒரு வரி என்னைப் படுத்திவிட்டது. தம்பி சொன்னானாம்: "இங்க கொழுந்து பறிக்கப் போனாலே குளவி கொட்டிச் சாகிறாங்க, படுத்துத் தூங்கினா மண்ணு சரிஞ்சு சாகிறாங்க. அதுக்கு இது மேல்."

இதற்குப் புத்தி சொல்லி மழுப்ப முடியாது. அவன் சொல்வது உண்மை. குளவி கலைந்தால் என்ன நடக்கும் என்று அவன் கண்ணால் கண்டிருப்பான்: கூடையை அப்படியே போட்டுவிட்டு, இடுப்புப் படங்கை அவிழ்த்துத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே குப்புற விழுவார்கள். அப்படியும் ஒரு மலையில் பத்துப் பேர், பதினைந்து பேர் என்று ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். கொஸ்லந்தை மீரியாபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களோடு மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை எழுப்ப வேண்டும் என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். எழுப்பி எங்கே குடிவைப்பது என்பதற்கு வழி செய்யப்படவில்லை. கடந்த 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த சரிவுகள் இன்னும் ஆறாத புண்.

ஆனால் நான் மேலே கேட்ட இரண்டு கேள்வியையும் இங்கே வைத்துப் பாருங்கள். மீரியாபெத்தை மக்களுக்கு நிறுத்த, இறங்க, விலக இடம் இருந்ததா? இல்லை. முடிவு அவர்கள் கையில் இருந்ததா? இல்லை. அவர்கள் ஆபத்தைத் தேடிப் போகவில்லை, ஆபத்துக்குள் குடிவைக்கப்பட்டார்கள். மற்றவர்கள் நம் உயிருக்கு மலிவு விலை போட்டார்கள் என்று கோபப்படுகிற பையன், தானும் அதே விலையைத் தன் உயிருக்குப் போட்டு நேரலையில் விற்கப் போகிறானே, அது என்ன கணக்கு? அந்தக் கோபம் நியாயமானது. அதைக் கொண்டுபோய் ஓகஸ்ட் மழையில் மலைப்படியில் கொட்டுவதால் ஒரு லயம்கூட இடம் மாறாது. காசு வரும் என்று யாராவது அவனுக்குச் சொல்லியிருந்தால் அதையும் கேட்டு வையுங்கள், கின்னஸ் சாதனைக்குப் பரிசுப் பணம் தருவதில்லை. தூங்காமல் இருப்பது போன்ற உடம்பைக் கெடுக்கும் சில முயற்சிகளை அவர்களே பதிவதை நிறுத்தியும்விட்டார்கள்.

இப்போது அவனுடைய திட்டத்துக்கு வருவோம். மலை ஏறுவது தப்பில்லை, இந்த மலையில் எண்ணிக்கைக்கு ஒரு மரபே இருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறினோமோ அத்தனை முறை உச்சியில் மணியடிக்கிறோம். எழுபது வயதுப் பாட்டிகள் அந்த மணியை எத்தனை முறை அடிக்கிறார்கள் என்று நின்று கேட்டால் தம்பிக்குக் கொஞ்சம் பணிவு வரும்.

தப்பு மாதத்திலும் தனிமையிலும் இருக்கிறது. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரைதான் பருவம். அப்போது படியெல்லாம் விளக்கு, வழிநெடுகக் கடை, பொலிஸ், முதலுதவி, ஆள் நடமாட்டம். ஓகஸ்டில் தென்மேற்குப் பருவமழை, விளக்கில்லை, பெரும்பாலான கடைகள் பூட்டு. உச்சியில் இரவில் வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே போகும். வியர்வையிலும் மழையிலும் நனைந்த சட்டையோடு அந்தக் காற்றில் நின்றால் ஆங்கிலக் கால்வாய்க் குளிர் செய்கிற அதே வேலையை இங்கேயும் செய்யும். முதலில் நடுக்கம், பிறகு தடுமாற்றம், பிறகு குழறல், கடைசியில் "எனக்கு ஒன்றுமில்லை". கேட்கத்தான் பக்கத்தில் ஆள் இருக்காது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் தசையைக் கிழிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. நல்லதண்ணிப் பாதையில் படிகள் 5,000-க்கு மேல், உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை இழுபட்டபடியே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. பயிற்சியில்லாமல் திரும்பத் திரும்பச் செய்தால் தசை நார்கள் சிதைந்து, அதிலிருந்து வெளிவரும் புரதம் சிறுநீரகத்தில் போய் அடைக்கும். சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனால் அந்த இடத்திலேயே முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. உப்பில்லாமல் வெறும் தண்ணீரைப் போத்தல் போத்தலாகக் குடிப்பதும் ஆளைச் சரித்துவிடும், ஆகவே கஞ்சியோ, ஜீவனி என்கிற உப்புக் கரைசலோ கையில் இருக்க வேண்டும்.

எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் அவனுக்கு நல்ல இலக்கு ஒன்று இருக்கிறது. ஒரே குன்றில் திரும்பத் திரும்ப ஏறி, ஏறிய உயரம் மொத்தம் 8,849 மீட்டர், அதாவது எவரெஸ்டின் உயரம், வரும்வரை செய்வதற்கு எவரெஸ்டிங் என்று பெயர். சைக்கிள்காரர்களும் ஓட்டக்காரர்களும் உலகம் முழுக்கச் செய்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது, நேர எல்லை கிடையாது. பாதி உயரத்தை முடிப்பவர்களுக்கும் ஒரு தகுதி உண்டு. சிவனொளிபாதமலையில் அது நாலரை ஏற்றம், முழுமைக்கு ஒன்பது. ஒன்பதை இந்த வருஷம் நினைக்கவே வேண்டாம்.

ஆகவே தம்பியிடம் இப்படிப் பேசிப் பாருங்கள். பருவம் தொடங்கட்டும், போயா நாள் கூட்டம் இல்லாத ஒரு வார நாளை எடுக்கட்டும். அதற்கு முன் மூன்று நாலு மாதம் தோட்டத்து மலைகளிலேயே ஏறி இறங்கிப் பழகட்டும், இறங்குவதற்குத் தனிப் பயிற்சி. நேரலை வேண்டாம், படம் எடுத்துப் பிறகு போடட்டும், யாரும் குறைத்து மதிக்கப் போவதில்லை. ஒவ்வொரு தடவை கீழே வரும்போதும் நல்லதண்ணியில் ஒருவர் அவனை நிறுத்தி, பேச்சு தெளிவாக இருக்கிறதா, நேர்கோட்டில் நடக்கிறானா, சிறுநீர் என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். அந்த ஆள் "போதும்" என்றால் போதும்தான், அதில் மறுபேச்சு இல்லை என்று கிளம்புவதற்கு முன்னாலேயே வீட்டில் எல்லாருக்கும் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆள் கூட்டாளியாக இருக்கக்கூடாது, கூட்டாளி உசுப்பேற்றிவிடுவான். மாமாவோ, பழைய விளையாட்டு ஆசிரியரோ, அவன் மரியாதை வைத்திருக்கிற யாராவது. உங்களுக்கு லீவு கிடைத்தால் நீங்களே போய் நில்லுங்கள் தங்கச்சி, அக்காமாருக்கு அந்த அதிகாரம் கேட்காமலே உண்டு.

இதற்கு அவன் சம்மதிக்க மாட்டேன், தனியாகத்தான், ஓகஸ்டில்தான் என்று நின்றால், நல்லதண்ணிப் பொலிஸுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வான். கொஞ்ச நாள் பேசாமலும் இருப்பான், பரவாயில்லை.